பேர் வரும் இடம்

திண்டுக்கல்
12.6.2024

அன்புள்ள அண்ணா,

நேற்று மதியம் வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. பதினேழு நாள் உள்ளே இருந்ததில் தலையில் பேன் மட்டும் பிடித்திருக்கிறது. தாட்சாயிணி அத்தை வாசலிலேயே உட்காரவைத்து வேப்பெண்ணெய் தேய்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் விட்டாள். நீ எப்படி இருக்கிறாய்? ராணி அண்ணிக்கு மூட்டுவலி குறைந்ததா?

என் போனைச் சாட்சிப் பொருள் என்று போலீஸ் வைத்துக்கொண்டது. அத்தையின் போனில் நான் கேஸைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று வக்கீலம்மா கண்டித்துச் சொல்லிவிட்டார். அதனால் கடிதம். போஸ்ட் ஆபீசில் பத்துத் தபால் கவர் கேட்டதும் கவுண்டரில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

ஜாமீனில் போட்ட நிபந்தனை உனக்குத் தெரியும். இந்த ஊரை விட்டு நகரக் கூடாது, தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. இன்று முதல் கையெழுத்து. "என்ன கேஸுக்கா?" என்று ஒரு கான்ஸ்டபிள் பெண் கேட்டாள். பாட்டுப் பாடின கேஸ் என்றேன். சிரித்துவிட்டாள். பிறகு முழுக்கச் சொன்னேன். பிரஸ் மெஷினுக்கு இரண்டு பட்டன், இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மெஷின் இறங்கும், அப்போது கை உள்ளே மாட்ட வழியே கிடையாது என்று சொன்னேன். வேலை வேகமாக ஓடட்டும் என்று கம்பெனியில் ஒரு பட்டனை இன்சுலேஷன் டேப் போட்டு அமுக்கியே வைத்ததையும், சுதாவின் வலது கை போனதையும், அவள் கவனக்குறைவுதான் காரணம் என்று கம்பெனி எழுதிக்கொடுத்ததையும் சொன்னேன். டேப் இருந்ததை வாய் திறந்து சொன்ன ஒரே ஆள் வேம்புலியம்மாள், அந்த அம்மா சொன்னதைத்தான் நாம் பாட்டாக்கி கம்பெனி வாசலில் பாடினோம் என்றேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாட்டு நல்லாருக்குமாக்கா?" என்றாள்.

நன்றாகத்தான் இருந்தது. அதுதானே வினை. கடைசியில் வழக்கம்போல நான் பேரைச் சொன்னேன்: "இந்தப் பாட்டை எங்களுக்குக் கொடுத்தவங்க வேம்புலியம்மாள், பேக்கிங் செக்‌ஷன்." பதினோரு வருஷமாக நம் பாட்டுக் குழுவில், கொடுத்தவர் பேரைச் சொல்லாமல் ஒரு பாட்டையும் நாம் முடித்ததில்லை. ஒருவர் வாயிலிருந்து வாங்கியதை நம்முடையது என்று பாடினால் அது திருட்டு என்று நாம்தான் சட்டம் போட்டோம். மூன்றாம் நாள் அந்த அம்மாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். உள்ளே இருந்தபோது வக்கீலம்மா வந்து சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகஸ்ட் இருபதாம் தேதி சுதாவின் நஷ்டஈட்டு விசாரணை. வேம்புலியம்மாள் வந்து சொன்னால்தான் அந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைக்கும். நீ உடனே போய் அவர்களைப் பார். பார்த்துவிட்டு எழுது.

உன் தங்கை,
ஷோபனா


அம்பத்தூர்
21.6.2024

அன்புத் தங்கச்சி ஷோபனாவுக்கு அண்ணன் ஆனந்தன் எழுதுவது.

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். உன் அண்ணிக்கு மூட்டுவலி அப்படியே இருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. பேன் போயிற்றா என்று கேட்கச் சொன்னாள். நான் கடுதாசி எழுதி இருபது வருஷம் இருக்கும். லேத்தில் நூல் பிசகாமல் கடைகிறவனுக்குப் பேனா பிடித்தால் கை கோணுகிறது. பொறுத்துக்கொள்.

பட்டறையில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். முதலாளி என்னைப் பார்த்ததும், "வாப்பா பாட்டுக்காரா, இன்னா, தங்கச்சிய உள்ள அனுப்பிட்டு நீ மட்டும் வெளிய கீற?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். மைக் உன் கையில் இருந்தது, பறை என் கையில் இருந்தது. போலீசுக்கு மைக்தான் கண்ணில் பட்டது. என்ன செய்ய?

ஞாயிற்றுக்கிழமை கள்ளிக்குப்பம் போனேன். வேம்புலியம்மாள் வீடு பூட்டியிருந்தது. கோயிலுக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். திரும்பப் போகிறேன்.

சுதாவைப் பார்த்தேன். இடது கையால் எழுதிப் பழகுகிறாள். முதலில் தன் பேரை எழுதிக் காட்டினாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்து மாதிரி இருந்தது. நன்றாக இருக்கிறது என்றேன்.

பேர் சொன்னதைப் பற்றி ஏதோ எழுதியிருந்தாய். அதையே போட்டு மண்டையை உடைத்துக்கொள்ளாதே. இங்கே நாலு நாளாகச் சாயங்காலம் மழை. பாடி மேம்பாலத்துக்குக் கீழே ஒரு லாரி நின்றுபோய் ஊரே நாறிப்போச்சு. வேறு விசேஷம் இல்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்


திண்டுக்கல்
30.6.2024

அன்புள்ள அண்ணா,

பேன் போய்விட்டது என்று அண்ணியிடம் சொல். அத்தைக்கு இரண்டு நாளாக ஜுரம், இன்று பரவாயில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள், மழையில் நனைந்து சைக்கிள் ஓட்டாதே.

வீடு பூட்டியிருந்தால் திரும்பி வந்துவிடுவதா? வாசலில் உட்கார வேண்டியதுதானே! எனக்குக் கால் கட்டிப்போட்டிருக்கிறது அண்ணா, உனக்கில்லையே. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் அப்புறம் பகல் முழுக்க எனக்கு ஒரு வேலையும் கிடையாது. அத்தையின் பூண்டை உரித்துக்கொண்டு அந்த அம்மாவையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நாம் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கட்டினோமே, அந்தச் சாயங்காலம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? முதல் ஷிப்ட் விட்டு வந்து முகம்கூடக் கழுவாமல் பேசினார்கள். எனக்குத் தொண்டை கட்டியிருந்ததால் நான் முன்னால் கிளம்பிவிட்டேன். நீதான் அவர்களோடு பஸ் ஸ்டாப் வரை நடந்து வந்தாய். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மற்ற பாட்டுகள் எல்லாம் செத்தவர்களையும் வேலையை விட்டவர்களையும் பற்றி. இந்த அம்மா நாளைக்கே அந்தக் கம்பெனி கேட்டுக்குள் போக வேண்டியவர். மைக்கைப் பிடித்தால் எனக்கு மூளை வேலை செய்வதில்லை. தப்பு முழுக்க என்னுடையது.

இத்தோடு அவர்களுக்கு ஒரு பக்கம் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். கையில் கொடு. அவர்களால் படிக்க முடியாவிட்டால் நீ படித்துக் காட்டு. என்ன சொன்னார்கள் என்று ஒரு வார்த்தை விடாமல் எழுது.

ஷோபனா


அம்பத்தூர்
15.7.2024

அன்புத் தங்கச்சிக்கு,

அத்தைக்கு ஜுரம் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். உன் அண்ணி அவருக்கு ஊறுகாய் கொடுத்தனுப்ப ஆள் தேடுகிறாள். நான் நன்றாக இருக்கிறேன்.

வேம்புலியம்மாளைப் பார்த்தேன். கடிதத்தைக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். மெலிந்திருக்கிறார்கள். வீட்டில் அவர்களும் மகளும்தான். மகள் ஷோரூமில் வேலைக்குப் போகிறது. காபி கொடுத்தார்கள். சர்க்கரை அதிகம்.

சுதாவின் அப்பா தினமும் பட்டறை வாசலுக்கு வந்து, "இன்னா நைனா, அந்த அம்மா வந்துடும்ல?" என்று கேட்கிறார். வருவார்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.

பறைக்குத் தோல் தளர்ந்துவிட்டது. மாற்ற வேண்டும். மழை விட்டபாடில்லை. தெருவில் கழிவுநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதில் எதிர் வீட்டுக் கோதண்டம் ஸ்கூட்டரோடு விழுந்து எழுந்தான். அடி இல்லை, ஆனால் அவன் விட்ட வார்த்தைகளை எழுதினால் போஸ்ட்மேன் கடிதத்தைக் கொடுக்க மாட்டார்.

அண்ணன்


திண்டுக்கல்
22.7.2024

அண்ணா,

எல்லோரும் சுகம்தானே? நானும் அத்தையும் சுகம்.

உன் கடிதத்தில் மழை இருக்கிறது, பள்ளம் இருக்கிறது, காபியில் சர்க்கரை எவ்வளவு என்பதுகூட இருக்கிறது. அந்த அம்மா என்ன சொன்னார்கள் என்பது மட்டும் இல்லை. ஏன்? திட்டினார்களா? திட்டினால் எழுது, நான் தாங்கிக்கொள்வேன். இருபதாம் தேதி வருவார்களா, மாட்டார்களா? அதை மட்டும் எழுது, போதும்.

ஷோபனா


திண்டுக்கல்
24.8.2024

அண்ணாவுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அத்தை போனில் கூப்பிட்டால், "நல்லா இருக்கோம், அப்புறம் எழுதறேன்" என்று வைத்துவிடுகிறாய். அண்ணியாவது சுகமா?

வக்கீலம்மா நேற்று ஆள் மூலம் பேப்பர் கொடுத்தனுப்பினார். படித்தேன். வேம்புலியம்மாள் விசாரணைக்கு வந்திருக்கிறார்கள், கம்பெனி காரில். பட்டனில் டேப் எதையும் நான் பார்க்கவில்லை, சுதா பேசிக்கொண்டே வேலை செய்தாள், கை போனது அவள் தப்பு என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கீழே இன்னொரு வரி: "எந்தப் பாட்டையும் நான் கொடுக்கவில்லை. என் பெயரை அவர்களாகப் போட்டுக்கொண்டார்கள்." இதை வைத்து என் கேஸிலும், பொய் பரப்பினேன் என்பதற்கு அவர்களையே சாட்சியாகப் போடப்போகிறார்களாம்.

வேலையும் திரும்பக் கொடுத்துவிட்டார்களாமே.

என்ன மனுஷி அண்ணா இவர்? சுதா இவரை அத்தை அத்தை என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னாலேயே சுற்றிய பெண். ஒட்டிய டேப்பின் நிறம்கூடக் கறுப்பு என்று நம்மிடம் சொன்னவர், ஒரு வேலைக்காக அந்தப் பெண்ணின் இன்னொரு கையையும் வெட்டிவிட்டார். நான் இவருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேனே, என்னைச் சொல்ல வேண்டும்! இனி அந்த வீட்டு வாசலை மிதிக்காதே.

ஷோபனா


அம்பத்தூர்
1.9.2024

அன்புத் தங்கச்சி ஷோபனாவுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. நீ என்னைத் திட்டியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். அந்த அம்மாவைத் திட்டியிருக்கிறாய். அதனால் எழுதுகிறேன்.

பாட்டுக் கட்டிய அன்று நான் அவர்களோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன் என்று எழுதினாயே. அங்கே என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, பாட்டுல எம் பேரு இன்னாத்துக்கு? வேணாம், வுட்டுடுங்க" என்றார்கள். சரிக்கா என்று சொன்னேன். உன்னிடம் சொல்லவில்லை.

மறந்துபோகவில்லை ஷோபனா. மறந்திருந்தால்கூடத் தேவலை. யார்தான் முதலில் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்? பதினோரு வருஷமாகப் பார்க்கிறோம், எல்லாப் பெண்களும் வெட்கப்பட்டுக்கொண்டு, ஐயோ என் பேரெல்லாம் எதுக்கு என்பார்கள். மேடையில் பேரைக் கேட்டதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுவார்கள். முன்பு பாட்டுக் கொடுத்த கமலம் அக்கா, தன் பேர் வந்ததை ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லவில்லையா? இதுவும் அந்த வெட்கம்தான், அன்றைக்குக் கேட்டு அசந்துபோகட்டும் என்று நினைத்தேன். நீ பேரைச் சொன்னபோது கூட்டத்தில் அவர்கள் முகத்தைத் தேடினேன். அழுதார்கள். சந்தோஷம் என்று நினைத்து இன்னும் ஓங்கி அடித்தேன்.

ஜூலையில் போனபோது அவர்கள் சொன்னதையும் உனக்கு எழுதவில்லை. டேப்பை அவர்கள் பார்க்க மட்டும் இல்லை. "ஒட்டுனதே நான்தான் தம்பி. பேக்கிங்ல டேப்பு எங்கிட்டதான் இருக்கும். சூப்பர்வைசரு ஒட்டுன்னான், ஒட்டுனேன். இன்னாத்துக்குன்னு கூட கேக்கல. அந்தப் பொண்ணு கைய நான்தான் தின்னுட்டேன்." கம்பெனியில் கூப்பிட்டு, பாட்டில் உன் பேர் இருக்கிறது, ஒட்டியவள் நீ, கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் கேஸை உன் தலையில் கட்டுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் மகளுக்குத் தையில் கல்யாணம்.

உன் கடிதத்தை நான் படித்துக் காட்டினேன். தப்பு முழுக்க என்னுடையது என்று நீ எழுதிய இடத்தில் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். "தங்கச்சிக்கு நீ சொல்லவே இல்லியா?" என்றார்கள். அவ்வளவுதான் கேட்டார்கள். நான் அந்தக் காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

நீ பதினேழு நாள் உள்ளே இருந்தாய். இப்போது நோட்டில் கையெழுத்துப் போடுகிறாய். நான் வீட்டில் சோறு தின்றுகொண்டு, நீ பழியை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்வதை கடிதம் கடிதமாகப் படித்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ முறை எழுத உட்கார்ந்தேன். மழையைப் பற்றித்தான் வந்தது.

அண்ணிக்கு இது தெரியாது.

ஆனந்தன்


திண்டுக்கல்
29.9.2024

அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்தது. எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. உன்மேல் கோபம் இல்லை என்று பொய் எழுத மாட்டேன். ஆனால் நீ சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேனா என்று யோசித்தேன். "அதெல்லாம் வெட்கம்ணா" என்று நானும் சொல்லியிருப்பேன். அதுதான் தாங்கவில்லை.

ஒரு காரியம் செய். அந்தப் பாட்டிலிருந்து பேரை எடுத்துவிடு. யார் எங்கே பாடினாலும் பேர் வரக் கூடாது என்று குழுவில் எல்லோருக்கும் சொல். பாட்டைப் போனில் பதிந்து வைத்திருப்பவர்களை அழிக்கச் சொல். நமக்கு இனிமேல் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். வேறு எதையும் இப்போது எழுத வரவில்லை.

ஷோபனா


அம்பத்தூர்
3.11.2024

அன்புத் தங்கச்சிக்கு,

தீபாவளிக்கு நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை. அண்ணி உன் பங்கு முறுக்கை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். மூட்டுக்கு ஏதோ தைலம் தடவுகிறாள், வீடு முழுக்க அந்த நாற்றம்தான். எனக்கு ஒன்றுமில்லை. சுதாவின் விசாரணையை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அவள் அப்பா இப்போது பட்டறைப் பக்கம் வருவதில்லை.

நீ சொன்னபடி எல்லோரிடமும் சொன்னேன். யாரிடம் போய் அழிக்கச் சொல்வது ஷோபனா? ஷேர் ஆட்டோவில் ஓடுகிறது. ஆவடி குவார்ட்டர்ஸில் ஆண்டுவிழாவில் பிள்ளைகள் ஆடியிருக்கிறார்கள். பாடியில் டீக்கடையில் ஒருவரிடம், பேரை மட்டும் வெட்டிவிடுங்கள் என்று கேட்டேன். "யார்யா நீ, கம்பெனி ஆளா?" என்று சட்டையைப் பிடித்துவிட்டார்.

போன மாதம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கான்ட்ராக்ட் தொழிலாளர் கூட்டம். அந்தப் பாட்டைப் பாடியே ஆக வேண்டும் என்றார்கள். பேர் இல்லாமல் பாடுவதானால் வருகிறேன் என்று சொல்லிப் போனேன். நீ இல்லாததால் நானே பாடினேன். என் குரல்தான் தெரியுமே.

மூணு நொடி மிச்சம்னு டேப்பு ஒட்டினான் – அந்த
மூணு நொடி வேலைக்குத்தான் கைய வாங்கினான்.

முடித்துவிட்டு, ஓங்கி ஓர் அடி அடித்து நிறுத்தினேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். ஒரு மூச்சு விடும் நேரம் இருக்கும். கூட்டம் முழுக்க, இருநூறு பேர், ஒரே குரலில் சொன்னார்கள்: "வேம்புலியம்மாள், பேக்கிங் செக்‌ஷன்!" சொல்லிவிட்டுக் கைதட்டினார்கள். நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து, எனக்கு எடுத்துக்கொடுத்தார்களாம்.

ஷிப்ட் விடும் நேரம். வேம்புலியம்மாள் நீலப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆட்டோவுக்கு நின்றிருந்தார்கள். கம்பெனி ஆள் ஒருவன் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். மேடையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். இறங்கி ஓடுவதற்குள் ஆட்டோ போய்விட்டது. நாலாம் நாள் அவர்களை மறுபடி நிறுத்திவிட்டார்கள். சாட்சிக் கையெழுத்து வாங்கியாகிவிட்டது, இனி அவர்களால் என்ன ஆகவேண்டும்?

வாசலை மிதிக்காதே என்றாய். போனேன். நசரத்பேட்டையில் வேறொரு கம்பெனிக்கு வேலை கேட்டுப் போயிருக்கிறார்கள். ஆதாரைக் காட்டியதும் அந்த ஆபீஸ் பையன், "பாட்டுல வர்ற வேம்புலியம்மாளா? சூப்பர்க்கா!" என்று கைகொடுத்தானாம். வேலை கொடுக்கவில்லை. "எங்க போனாலும் அந்தப் பாட்டு எனக்கு முன்னாடி போயி குந்திக்கினு கீது தம்பி. எங்க கொலசாமி பேரு இது. எங்கம்மா ஆசையா வெச்சுது" என்றார்கள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நீ வந்தால் ஏதாவது தோன்றும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன்


திண்டுக்கல்
24.11.2024

அன்புள்ள அண்ணா,

நீயும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள். அத்தை என்னை அனுப்ப மனசில்லாமல் இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். நிபந்தனையைத் தளர்த்திவிட்டார்கள். சனிக்கிழமை காலை வந்து சேருவேன். எழும்பூருக்கு நீ மட்டும் வா. பறை எடுத்து வராதே, குழுவில் யாரையும் அழைத்து வராதே. நான் வந்தால் ஏதாவது தோன்றும் என்று எழுதியிருந்தாய். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அந்த அம்மா எதிரில் போய் உட்காருவேன். என்ன சொல்வேன் என்று தெரியாது.

இன்று கடைசிக் கையெழுத்து. முதல் நாள் கேஸ் என்ன என்று கேட்டாளே, அந்தக் கான்ஸ்டபிள் பெண், டீ வாங்கிக் கொடுத்தாள். "அக்கா, உங்க பாட்டு எனக்கும் வந்துச்சு. நீங்க போறதுக்குள்ள உங்ககிட்டக் காட்டணும்னு வச்சிருந்தேன்" என்று போனை எடுத்துப் போட்டாள். மே மாதத்துக்குப் பிறகு என் குரலை நானே இப்போதுதான் கேட்கிறேன். உன் அடியும் கேட்டது. பாதியில், போதும்மா, நிறுத்திவிடு என்றேன்.

"இருங்கக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கடைசில அந்தம்மா பேரு வரும்ல, அந்த எடந்தான் எனக்கு ரொம்பப் புடிக்கும்."

நின்று கேட்டேன். எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறேன், அண்ணா. ஓர் எழுத்துகூடத் தேயவில்லை.

ஷோபனா